பாரசீகக் கவிதைப் புத்தகமும் குணேஸ்வரியின் கைப்பையும்

“அண்ணை, என்னைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டினம். உடன வாங்கோ!” என்று குணேஸ்வரி போனில் அழுதாள்.

மொன்றியல் தீவின் மேற்கு முனையில், ஏரிக்கரை மாளிகை ஒன்றில் பதினொரு வருடமாக வீட்டு வேலை பார்ப்பவள். அங்கே நூலகத்திலிருந்து பாரசீகக் கவிதைகளின் பழைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று காணாமல் போயிருந்தது. பச்சைத் தோல் அட்டை, பித்தளைப் பூட்டு. நேற்றிரவு வரை இருந்ததாம். பகல் பன்னிரண்டு மணிக்குள் புத்தகம் வராவிட்டால் பொலிஸ் என்று வீட்டுக்கார மேடம் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் குணேஸ்வரிக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். பொலிஸில் பெயர் விழுந்தால் அதுவும் போய்விடும்.

டோர்வல் விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் அவளுடைய ஊர்க்காரர் விமலநாதன் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். கூடவே மச்சான் கஜீவன்.

“அத்தான், கள்ளன் யன்னலாலை வந்திருப்பான்!” என்று வாசலிலேயே வழக்கை முடித்துவிட்டான் அவன். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. யன்னல்களெல்லாம் உறைந்து ஒட்டிக் கிடந்தன.

விமலநாதன் குசினியில் ஆறுதலாக உட்கார்ந்தார். அடுப்பில் சூப் கொதித்தது. “தங்கச்சி, இண்டைக்கு வெளியாலை போனீங்களோ?”

“இல்லை அண்ணை. எட்டு மணிக்கு வந்து கைப்பையை இந்த ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சனான். பேந்து அதைத் தொடவேயில்லை.” இருப்புக்கொள்ளாமல் அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

மூவரும் நூலகத்தைப் பார்க்கப் போனார்கள். சற்று நேரத்தில் குசினியில் ஒரே கூச்சல். ஓடி வந்து பார்த்தால், நேற்றிரவு வந்து மாடியில் தங்கியிருந்த மேடத்தின் அக்கா மகன் ஜெராட், குணேஸ்வரியின் கைப்பையும் கையுமாக நின்றான். மூக்குக்கண்ணாடி புகைபோல் மங்கியிருந்தது.

“மாடியிலிருந்து இறங்கி வந்தேன். சந்தேகத்தில் பையைத் திறந்தேன். இதோ புத்தகம்!”

சத்தம் கேட்டு வந்த மேடம் போனைக் கையில் எடுத்தார்.

“மேடம், ஒரு நிமிடம். இந்தப் பூட்டைத் தொட்டுப் பாருங்கள்” என்றார் விமலநாதன், நிதானமான பிரெஞ்சில். பித்தளை பனிக்கட்டியாகக் குளிர்ந்து, முத்து முத்தாய் வேர்த்திருந்தது.

“குளிரில் கிடந்த பெட்டி உள்ளே வந்தால் இப்படித்தான் வேர்க்கும். விமான நிலையத்தில் தினம் பார்க்கிறேன். காலையிலிருந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பைக்குள் புத்தகம் இருந்திருந்தால் சூடேறியிருக்கும். இது இரவெல்லாம் வெளியே, ஏதோ ஒரு காரில் கிடந்து, பொலிஸ் என்றதும் இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறது. குளிரிலிருந்து உள்ளே வந்தால் மூக்குக்கண்ணாடியும் மங்கும். மாடியிலிருந்து வந்தவருடைய கண்ணாடி ஏன் மங்கியது?”

கஜீவன் பாய்ந்து வெளியே போய்த் திரும்பினான். “அத்தான், பின்கதவிலயிருந்து இவரின்ர கார் வரைக்கும் பனியில புதுச் சப்பாத்துத் தடம்!”

ஜெராட் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

மேடம் மெல்லப் போனை மேசையில் வைத்தார். “மன்னித்துக்கொள், குணா. பொலிஸ் எதற்கு? இது குடும்ப விஷயம்.”

அப்போதுதான் குணேஸ்வரிக்கு உண்மையான கோபம் வந்தது. பதினொரு வருடம்! அவள் போனை எடுத்து மேடத்தின் கையில் திரும்ப வைத்தாள்.

“என்னைப் பிடித்துக் கொடுக்க எடுத்த போன்தானே, மேடம்? கூப்பிடுங்கள்.”