தங்கப்பழத்தின் கைராசி

தானோட்டி அன்றைக்கும் தங்கப்பழத்தை மாவட்ட நூலக வாசலில் கொண்டுபோய் இறக்கியது. ஏறும்போதே அவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், "நடுக்கடைத்தெரு, மணிக்கூண்டு பக்கம்" என்று. டிரைவர் இருந்தால் நாலு வார்த்தை திட்டலாம். ஆளில்லாத வண்டியிடம் யாரைத் திட்டுவது?

"இன்று நூலகத்தில் பழைய செய்தித்தாள் கண்காட்சி நடைபெறுகிறது. தங்களுக்குப் பிடிக்கும்" என்றது வண்டி.

"எனக்குக் கடைக்குப் போவணும்! எஞ் சொந்தக் கடைக்கு!"

"நன்றி. மீண்டும் வருக."

கதவு மூடிக்கொண்டது. தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நடுக்கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். அந்தத் தெருவுக்குப் போவதற்கு அந்த ஊரில் அவரைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. அவரைப் போல ஒருசிலரைத் தவிர மற்ற எல்லாரையும் வண்டிகள் ஒழுங்காகக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டுதான் இருந்தன.

செவலூர் ஒன்றும் பெரிய நகரம் இல்லை, சின்ன ஊரும் இல்லை. அதுதான் அதன் கஷ்டம். புறவழிச்சாலையில் குளிரூட்டிய பெருவளாகம் ஒன்று வந்தது. மிச்சம் மீதி வேண்டியதைப் பறதட்டுகள் பறந்து வந்து மொட்டை மாடியிலேயே வைத்துவிட்டுப் போயின. ஊருக்கு நடுவே இருந்த கடைத்தெருவுக்கு யார் வருவார்கள்? பாதிக் கடைகளில் ஷட்டர் துருப்பிடித்தது. மீதிக் கடைக்காரர்கள் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தங்கப்பழம் ஊர் ஊராக அலைந்து, அதிகாரிகளின் காலைப் பிடித்து, ஆள்கூட்டியைக் கொண்டுவந்தார்.

ஆள்கூட்டி என்றால் கண்ணுக்குத் தெரிகிற இயந்திரம் இல்லை. விளக்குக் கம்பங்களில் கண்கள் வைத்திருந்தார்கள். யார் எங்கே நிற்கிறார், எந்தக் கடையைப் பார்த்து நடை தளர்கிறது, யார் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார் என்று அவை பார்த்தபடி இருக்கும். செவலூரில் எல்லார் காதிலும் மிளகு அளவில் ஒரு வழித்துணை உண்டு. மல்லித்தழை எங்கே வாங்குவது என்பதிலிருந்து பல் டாக்டர் வரை அதைக் கேட்டுத்தான் செய்வார்கள். ஆள்கூட்டி வழித்துணையிடம் சொல்லும், வழித்துணை காதில் சொல்லும், ஆள் கிளம்பிவிடுவார். அதைத் தன்னுடைய சொந்த யோசனை என்றே நினைத்துக்கொள்வார். கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தானே கூட்டம் போகும்? ஒரே வருடத்தில் தெருவில் கால் வைக்க இடமில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆள்கூட்டியைப் பொருத்தியிருந்த பொறியாளர் ஜெனிஷா, வருட முடிவில் நடந்த சங்கத்துக் கூட்டத்தில், மழை, முகூர்த்தம், சம்பளத் தேதி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துவிட்டதாகவும், வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்றும் கேட்டாள். தங்கப்பழம் எழுந்தார்.

"போணிய விட்டுட்டியேம்மா!"

"போணியா?"

"மொத யாவாரம். அத யாரு கையால பண்ணுதாங்கங்கிறதுலதான் அன்னைக்கு முழுக்க யாவாரமே இருக்கு. சில கை பட்டா மளமளன்னு ஓடும். சில கை பட்டா ஈ ஓட்ட வேண்டியதுதான். அதச் சேக்காம என்ன மிசினு?"

கூட்டம் கைதட்டியது. ஜெனிஷா சிரித்துக்கொண்டே சேர்த்தாள். வெறும் நம்பிக்கைதானே, கணக்கில் பூஜ்யம் என்று வரும், இயந்திரம் அதைத் தானாகவே தள்ளிவிடும் என்று நினைத்தாள். படித்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் பூஜ்யம் வரவில்லை. ராசிக்காரர் கையால் போணி ஆன கடைக்காரன் அன்று முழுவதும் உற்சாகமாக இருக்கிறான், முகம் சுளிக்காமல் பத்துப் புடவை பிரித்துக் காட்டுகிறான், வியாபாரம் நடக்கிறது. ராசி இல்லாதவர் என்று அவன் நினைக்கிறவர் வந்தால் காலையிலேயே சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறான். ஆள்கூட்டிக்குக் காரணம் தெரியாது. எதற்குப் பின்னால் எது வருகிறது என்பது மட்டும் தெரியும். ஊரில் எல்லாருக்கும் அது ஒரு கைராசி எண் போட்டது. எண் அதிகம் உள்ளவர்களுக்கு விடியும்போதே வாசலில் இலவச வண்டி. எண் குறைந்தவர்களை அது வரவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நூலகத்துக்கு அனுப்பிவைக்கும், அவ்வளவுதான்.

தங்கப்பழத்தின் எண் ஊரிலேயே கடைசி.

மணிக்கூண்டுக்கு இந்தப் பக்கம் வரும்போதே தெருவின் இரைச்சல் கேட்டது. பேரம் பேசுகிற சத்தம், கரும்புச்சாறு இயந்திரத்தின் சலங்கை, யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது. தங்கப்பழத்துக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தச் சத்தத்துக்காகத்தானே அத்தனை அலைச்சல்! வேகமாக நடந்து திரும்பினார்.

திரும்பியதும் ஆட்களின் கை காதுக்குப் போனது. புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. கழற்றி வைத்துவிட்டுச் சந்துக்குள் இறங்கினாள். பழக்கடையில் நின்றவர் பாதி பேரத்திலேயே அடுத்த தெருவுக்குப் போனார். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் அவரைப் பார்க்கக்கூட இல்லை. அவர் நின்ற இடத்தைச் சுற்றித் தெரு காலியாகிவிட்டது. இரைச்சல் மட்டும் கொஞ்சம் தள்ளி, துணிக்கடை பக்கம் கேட்டது. அவர் துணிக்கடைக்குப் போனார். இரைச்சல் வளையல் கடைக்குப் போயிற்று. திரும்பிப் பார்த்தால், அவர் கடந்து வந்த இடத்தில் கூட்டம் பழையபடி நெரிந்தது. அவர் உயிர் கொடுத்த தெரு, அவருக்கு மட்டும் செத்த தெருவாகவே இருந்தது. தங்கப்பழத்துக்கு அழுகை வந்தது. நடுத்தெருவில் நின்று அழலாம், பார்க்க ஒருவரும் இல்லை.

அவருடைய பாத்திரக் கடையில் மகள் செல்வக்கனி கல்லாவில் இருந்தாள். குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி அப்போதுதான் அதை வைத்துவிட்டு இறங்கினார்கள்.

"வந்துட்டீங்களாப்பா" என்றாள். சந்தோஷமாகச் சொல்லத்தான் பார்த்தாள்.

"ஏன், வரக்கூடாதா?"

"நா அப்படிச் சொல்லுவனா? நேத்து ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வந்து சீர்ப் பாத்திரம் முழுக்க எடுத்து வச்சிருந்தாங்கப்பா. நீங்க படியேறுனீங்க. பெறவு வாரோம்னு போனவங்கதான்."

"அதுக்கு நா என்ன செய்யட்டும், கனி?"

"நீங்க ஒண்ணுஞ் செய்ய வேண்டாம்ப்பா. வீட்ல இருங்க. சாயங்காலம் வந்து ஒண்ணு விடாமச் சொல்லுதேன். யாரு வந்தா, என்ன வாங்குனா, எல்லாத்தையும்."

அவள் கண் கலங்கியிருந்தது. அவளை அவர் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கோபித்துக்கொள்ள முடிந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜெனிஷாவின் அலுவலகம் மணிக்கூண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒங்க எண் ஏன் இப்படி ஆச்சுன்னு தேடிப் பாத்தேன் அண்ணாச்சி" என்றாள். "தெனமும் மத்தியானம் தெருவுல ஒரு சுத்து வருவீங்களாமே?"

"ஆமா. எந்தக் கடையிலயாவது மத்தியானம் வரைக்கும் போணி ஆவலன்னா, மனசு கேக்காது. உள்ள போயி ஒரு சோப்போ, ஊக்கோ வாங்கிட்டு வருவேன். பாவம், காலையிலருந்து உக்காந்திருப்பான்லா."

"அதான் அண்ணாச்சி. நீங்க போணி பண்ணது பூராவும் ஏற்கெனவே படுத்துக் கெடந்த கடை. அன்னைக்கு அங்க எப்படியும் யாவாரம் ஆயிருக்காது. மிசினு அதத் திருப்பிப் படிச்சிருச்சு. நீங்க கைவச்ச கடையெல்லாம் படுத்துப்போவுதுன்னு."

தங்கப்பழம் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அப்ப தப்புன்னு தெரிஞ்சு போச்சுல்லா? திருத்திரும்மா."

"திருத்துனேன். மூணு தடவ அழிச்சுட்டு மொதல்லருந்து விட்டேன்." ஜெனிஷா அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "இப்ப கடைக்காரங்க எல்லாருக்கும் ஒங்க எண் தெரிஞ்சு போச்சு. ஒங்களக் கண்டதும் மொகம் செத்துருது. அதப் பாத்து வந்தவங்க போயிருதாங்க. ரெண்டே நாள்ல எண் பழைய எடத்துக்கே வந்துருது. மொதல்ல அது பொய்யி அண்ணாச்சி. இப்ப அது நெசமாயிருச்சு. நெசத்த நா எப்படித் திருத்த?"

"போணியவே கணக்குலருந்து எடுத்துரு."

"சங்கத்துல தீர்மானம் போட்டாத்தான் எடுக்க முடியும். கேட்டுப் பாத்தேன். ஒருத்தரும் சம்மதிக்கல. இன்னும் பத்து ஊருக்காரங்க இதே மிசின, போணியோட சேத்து வேணும்னு கேட்டிருக்காங்க."

அவருக்குச் சங்கத்து ஆட்களைத் தெரியும். அவர்களில் ஒவ்வொருவர் கடையிலும் ஒருநாளாவது அவர் ஊக்கு வாங்கியிருக்கிறார். அவர்கள் இடத்தில் அவர் இருந்தாலும் கை தூக்கியிருக்க மாட்டார். அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆடி பிறந்த வாரத்தில் சங்கச் செயலாளர் காசிமணி, நாலு பேரோடு அவர் வீட்டுக்கே வந்தார். தாம்பாளத்தில் தேங்காய் பழம், மேலே பொன்னாடை. பொன்னாடையைப் போர்த்திவிட்டு எல்லாரும் கைகட்டி நின்றார்கள். தங்கப்பழத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னைத் தெருவுக்கு அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, பெருவளாகத்துக்காரன் ஆடித் தள்ளுபடி போடுதான்" என்றார் காசிமணி. "பாதிக்குப் பாதி. நம்ம தெருக் கூட்டம் பூராவும் அங்க போயிரும்."

"போவ விடலாமா? நாமளும் ஏதாவது செய்யணும்லா?"

"அதான் வந்தோம். நீங்க மனசு வச்சா ஆவும்." காசிமணி தாடையைத் தடவினார். "நீங்க தெனமும் அங்க போயிச் சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

உள்ளேயிருந்து செல்வக்கனி பாய்ந்து வந்தாள். "என்ன பேச்சு பேசுதீங்க மாமா? எங்கப்பா என்ன எலி மருந்தா, கொண்டுபோயி வைக்கதுக்கு?"

"நாங்க மரியாதையாத்தாம்மா கேக்குதோம். இந்தத் தெருவுக்கு அண்ணாச்சி செய்யாததா?"

அது உண்மைதான். அந்தத் தெரு கேட்டு அவர் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. இப்போது எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். சம்மதித்துவிட்டார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் தானோட்டி வாசலில் தயாராக நின்றது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "பெருவளாகம்தானே?" என்றது. வழியெல்லாம் பச்சை விளக்கு.

பெருவளாகத்தில் தோரணமும் மேளமுமாக ஏக தடபுடல். அவர் உள்ளே காலெடுத்து வைத்தார். அங்கே இருந்தவர்கள் காதிலும் அதே வழித்துணைதான். நகரும் படிக்கட்டில் மேலே போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே மறுபக்கம் இறங்கினார்கள். மேளக்காரர்கள் யாருக்கு அடிக்கிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நிறுத்தினார்கள். தங்கப்பழம் மூன்றாவது மாடியில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

ஆடி முடிந்தும் சங்கத்தார் போதும் என்று சொல்லவில்லை. ஆவணி வந்தது. மூன்றாவது மாடியில் ஒவ்வொரு கடையாக மூடினார்கள். கடைசியில் ஒரு குல்ஃபிக் கடை மட்டும் மிச்சம் இருந்தது. அதில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண், வேலை நேரத்தில் வழித்துணையைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது அங்கே விதி என்பதால், வெறும் காதோடு நின்றிருந்தாள். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள். ஆள் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிப் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றாள். அந்த நிற்பு தங்கப்பழத்துக்கு நன்றாகத் தெரியும். நடுக்கடைத்தெருவில் எத்தனை வருடம் அப்படி நின்றிருக்கிறார்!

கடைசியில் அவளே பக்கத்தில் வந்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. காலையிலருந்து போணியே ஆவல. ஆளு வரலன்னா இந்த மாசத்தோட கடைய மூடிருவோம்னு சொல்லிட்டாங்க. சின்னதா ஒரு குல்ஃபி வாங்கிக்கிடுங்களேன்."

தங்கப்பழத்தின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றது. வாங்கினால் ராசியில்லாத போணி, வாங்காவிட்டால் போணியே இல்லை, இரண்டிலும் அவள்தான் கெடுவாள். அவர் எழுந்தார்.

"வேண்டாம் தாயி. நா போயிருதேன். நா போனா ஒனக்கு ஆளு வரும்."

அவளுக்குப் புரியவில்லை. கேட்டது தப்போ என்று பயந்துபோனாள்.

"ஐயோ, அதுக்காவ எந்திரிக்காதீங்க சார். வாங்காட்டாலும் பரவால்ல. உக்காருங்க. ஒருத்தராவது இருந்தாத்தான கடையில ஆளு இருக்குன்னு நாலு பேரு வருவாங்க."

உட்காருங்கள் என்று ஒரு கடைக்காரர் அவரிடம் சொல்லிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

தங்கப்பழம் உட்கார்ந்தார்.