மூன்று தோள்கள்

முன்வாழ்வியின் நாற்காலியை விட்டு எழுந்தபோது செழியனுக்கு மூன்று வருஷம் வாழ்ந்து முடித்த அசதி. சுவர்க் கடிகாரத்தில் அரைமணிதான் நகர்ந்திருந்தது.

இப்போதெல்லாம் பெரிய அறுவை சிகிச்சை என்றால் யாரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதில்லை, பாருங்கள். இந்த வழியில் போனால் அடுத்த வருஷம் எப்படி, அந்த வழியில் போனால் எப்படி என்று முன்வாழ்வி இயந்திரம் வாழவே வைத்துவிடும். வலி, தூக்கம், வீட்டு மனுஷர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது வரை.

செழியனின் வலது தோளில் தசைநார்கள் எலும்பை விட்டே பிய்ந்து போயிருந்தன. சட்டைக்குள் கையை நுழைப்பதே பெரும்பாடு. மனைவி போன பிறகு வீட்டில் வேறு ஆளில்லை. மகள் நறுமுகை திருச்சியில். மூன்று மணி நேரப் பயணம்தான். வேலைதான் அவளை விடுவதில்லை.

"எந்தத் தோள் சார் பிடிச்சிருந்தது?" என்று கேட்டார் டாக்டர் ரெஹானா.

"தையல் போடுறதும்மா."

டாக்டரின் புருவம் ஏறியது. "நார் நைஞ்சு போயிருக்கு சார். தைச்சாலும் மறுபடி கிழியலாம். ஒன்றரை மாசம் கையை உடம்போட கட்டிப் போடணும். முதுகுத் தசையை மாத்திக் கட்டினா கொஞ்சம் பரவாயில்ல. எதிர்மூட்டுன்னு செயற்கை மூட்டு வெச்சா, கிண்ணம் இருக்கிற இடத்துல பந்து, பந்து இருக்கிற இடத்துல கிண்ணம். கிழிஞ்ச நாரே தேவையில்ல. சீக்கிரமே நீங்களே தலை வாரிக்கலாம்."

"வாரிக்கிட்டேன். நல்லாத்தான் இருந்தது."

எதிர்மூட்டு வருஷத்தில் கொடியில் துணி உலர்த்தினார். மேலடுக்கிலிருந்து டப்பா எடுத்தார். வருஷம் முழுக்க வாசல் மணி அடிக்கவில்லை. முதுகுத் தசை வருஷமும் ஏறக்குறைய அப்படியே. தையல் வருஷத்தில்தான் நறுமுகை பெட்டியோடு வந்து இறங்கினாள். சோறு பிசைந்து ஊட்டினாள். "பட்டன் போட்டுவிடுறேன், ஆடாம நில்லுங்கப்பா" என்று அதட்டினாள். இதை எப்படி டாக்டரிடம் சொல்வது?

தையலே நடந்தது. கட்டிய கையோடு ஆஸ்பத்திரி வண்டியில் வீடு திரும்பி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வந்தது ஓர் உதவியந்திரம். பின்னாலேயே நறுமுகையின் அழைப்பு.

"அப்பா, கவனிச்சுக்கப் போறவங்களும் முன்வாழ்வியில உட்காரணும்னு சொன்னாங்க. இங்க திருச்சியிலேயே உட்கார்ந்தேன். ஒன்றரை மாசம் உங்ககூட இருந்துட்டேன்ப்பா. ஊட்டிவிட்டேன், சண்டை போட்டேன். எத்தனை நாள் உறுத்தல், எல்லாம் போயிடுச்சு. லீவு கேட்கலாம்னுதான் இருந்தேன். ஆனா வராத மாதிரியே தோணலப்பா."

உதவியந்திரம் செழியனின் முதுகுக்குத் தலையணை வைத்தது. ஒரே தடவையில், சரியான இடத்தில்.

"நாம நிறையப் பேசினோமா?" என்று கேட்டார்.

"பேசாமலா? அம்மாவும் நீங்களும் மதுரையில ரயிலை விட்டுட்டு, பிளாட்பாரத்துல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களாமே. அதைக்கூடச் சொன்னீங்க."

அவரும் மனைவியும் எந்த ரயிலையும் தவறவிட்டதில்லை.

"ஆமா" என்றார் செழியன். "அப்புறம் என்ன சொன்னேன்?"