சிவப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம்

தட்டைத் திருப்பியபோது மறுபாதியும் காலியாக இருந்தது.

அடிபட்டு நாலு மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அந்த வீட்டில் ஓட்டுநருக்குச் சாப்பாடு இரண்டு தவணையாகத்தான் நடந்தது. பணிமனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி, மண்டை சிமெண்டுத் தரையில் மோதி, மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் கட்டியதோடு இடக்கை துவண்டு போயிற்று. அது போனதுகூடப் பரவாயில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்து போயிற்று. கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைச் சட்டை செய்வதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருஷம் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே ஆளை ஏற்றி இறக்கிய மனுஷனுக்கு இப்படி. தட்டில் வலது பாதியைத் தின்றுவிட்டு எழுந்திருப்பார். மனைவி பேசாமல் தட்டை அரைச்சுற்று திருப்புவாள். இன்னொரு சாப்பாடு முளைத்து நிற்கும். "ரெண்டாவது பந்தி ரெடி" என்று கத்துவது மகளின் வேலை. எட்டு வயது, வீட்டில் எல்லாருக்கும் அவள் 'வாலு'.

அன்று மத்தியானம் மனைவி அடுப்படியில் இருந்ததால் அவரே வலக்கையால் தட்டைத் திருப்பினார். துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அவர் வயிற்றிலோ பாதிப் பசி அப்படியே கிடந்தது. இடக்கை மடியில், பிழிந்து போட்ட துணியாக. மனைவி வந்து பார்த்து, முழுசாகச் சாப்பிட்டுவிட்டாரே என்று பூரித்துப் போனாள். அவர் தட்டை அவளிடம் நீட்டினார்.

வாரத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுக்க வரும் பெண், வாலுவுக்கு 'டீச்சரக்கா', எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு நாடா ஒட்டியிருந்தாள். மேசை, நிலைக்கதவு, அவருடைய நாற்காலியின் இடது பிடி.

"நாடா தெரியுற வரைக்கும் கழுத்தைத் திருப்புங்க சார். தெரிஞ்சிட்டா அந்தப் பக்கம் உங்களோடது."

"தெரியலைன்னா?"

"சும்மா கிடக்குற இடத்துல யாராவது வந்து உக்காந்துக்குவாங்க" என்று சிரித்தாள். அவரும் அன்று சிரித்தார்.

ஒரு கடிகாரம் வரையச் சொல்வாள். அவர் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை எழுதிப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். தட்டு காலியான வாரம் அப்படித்தான் வைத்தார். அவள் தாளைத் தூக்கிப் பார்த்துக் கைதட்டி, அதை அவர் வலப்பக்கம் நீட்டினாள். ஏழு முதல் பதினொன்று வரை வரிசையாக இருந்தது. மெல்லிய, பின்பக்கம் சாய்ந்த எழுத்து. அது அவர் எழுத்தே இல்லை. எங்கே போய்ச் சொல்வது? சொன்னால் திரும்ப ஆஸ்பத்திரிக் கட்டில்தான். போன தடவை அங்கே கிடந்த ஏழு வாரமும் வாலு ஒழுங்காகத் தூங்கவில்லை.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் மனைவி வேலைக்குக் கிளம்பியதும் வாலுவுக்குத் தலை பின்னி விடுவது அவர்தான். மூணுகால் பின்னல், அதுவும் கொஞ்சம் கோணலாக. பயிற்சியின் முதல் நாள், குணமானால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, பஸ் ஓட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இவளுக்குப் பின்னிவிட வேண்டும் என்றார். பின்னலுக்கு இரண்டு கை வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மனைவி கடைக்குப் போய்த் திரும்பியபோது வாலுவின் தலை பின்னியிருந்தது. மயிரிழை பிசகாத நாலுகால் பின்னல்.

"யாரு போட்டது?"

"அப்பாதான்."

மனைவி அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, "நாலுகால் எப்ப கத்துக்கிட்டீங்க?" என்றாள். நாலு மாதத்தில் அவள் முகத்தில் அந்த வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை. அதை அணைக்க மனசு வரவில்லை.

"ஆமா. நான்தான்" என்றார்.

அந்த ஒரு பொய்தான் வினையாயிற்று. இனிப் பயமில்லை என்று, விட்டிருந்த சாயங்கால வேலைக்கு மனைவி மறுபடி போகத் தொடங்கினாள். மூன்றிலிருந்து ஏழு வரை வீட்டில் அவரும் வாலுவும். அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதல் நாளே வாலுவைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார். அந்தப் பக்கம் போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். "நீங்க திரும்பிப் பாக்கணும்னு டீச்சரக்கா இடது பக்கம்தானே உக்காரச் சொன்னாங்க?" என்று முனகிக்கொண்டே படம் வரைய உட்கார்ந்தாள். வெயில் ஜன்னலிலிருந்து தரையில் நீண்டு, தரையிலிருந்து எதிர்ச் சுவரில் ஏறி மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூங்கக் கூடாது, தூங்கக் கூடாது என்று பென்சில் கீறும் சத்தத்தை அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

விழித்தபோது பென்சில் சத்தம் இல்லை.

வலப்பக்கம் தாள் மட்டும் கிடந்தது. அறை மங்கியிருந்தது. தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசனை. சீப்பு முடியில் இறங்கும் சத்தம். சீராக, அவசரமில்லாமல். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றால் அது அந்தப் பக்கம்தான்.

"அப்பா, இறுக்காதீங்க. வலிக்குது."

"வாலு, இந்தப் பக்கம் வா."

"அசையாதேன்னு சொன்னீங்களே."

அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கழுத்தைத் திருப்பினார். ஜன்னல். இன்னும். மேசை. இன்னும். கழுத்து நரம்பு தெறித்தது. நிலைக்கதவு. இன்னும் கொஞ்சம்.

நாற்காலியின் இடது பிடி. சிவப்பு நாடா.

அதை ஒட்டித் தரையில் வாலு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் இரண்டு கைகள். ஒன்று அவருடையது. ஊசி குத்திய தழும்போடு, நாலு மாதம் செத்துக் கிடந்த அவருடைய இடக்கை, அவரைக் கேட்காமல் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய வலக்கை நாற்காலியின் வலது பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். ஆமாம். அங்கேதான் இருந்தது.

மற்ற கை நாடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீண்டிருந்தது. அதற்கு மேல் கழுத்து திரும்பவில்லை. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. கட்டைவிரல் இருந்த பக்கத்தைப் பார்த்தார்.

அதுவும் இடக்கை.

கத்தினார். வாயின் வலப்பாதி மட்டும் திறந்தது. மறுபாதி நிதானமாக, அவர் குரலிலேயே பேசியது.

"ரிப்பனைக் கொடும்மா."

வாலு திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலே ரிப்பனை நீட்டினாள். நாடாவுக்கு அந்தப் பக்கத்துக் கை அதை வாங்கிக்கொண்டது.