இரண்டு பத்துக்குக் கேட்ட பாட்டு

வியாழன், காலை 9.40.

மலை மேலிருந்த வானொலி ஒலிபரப்பிக் கட்டடத்தின் இரும்புக் கதவில் பூட்டு இல்லை. வெளிக் கொண்டியில் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தது.

"தொடாதீங்க!" என்று லரூ பிங்கம் கத்துவதற்குள், மேனேஜர் மெரில் ஆஷ்டவுன் அதை உருவிவிட்டார். கதவு திறந்தது. வாசலிலிருந்து இரண்டடி உள்ளே, எஞ்சினியர் வெர்ல் ஸ்டக்கி குப்புறக் கிடந்தார். உடல் விறைத்துப்போயிருந்தது. முகம் மட்டும் வெயிலில் அலைந்தவர் முகம் போலச் சிவந்திருந்தது.

பதினோரு வருடமாக ஷெரீஃப் அலுவலகத்தில் துப்பறியும் லரூவுக்கு அந்த நிறமே போதும். விஷப் புகை. பக்கத்து அறையில் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருந்தது. வெர்ல் தன் கோட்டைக் கழற்றி இடைக்கதவின் அடியில் திணித்துப் பார்த்திருக்கிறார். ஜன்னல் இல்லாத அறை. கதவின் உட்பக்கம், இடுப்பு உயரத்தில், இரும்பு நசுங்கியிருந்தது. ஒரு ஸ்பேனர் அங்கேயே கிடந்தது. அவருடைய போனை எங்கும் காணோம்.

"கடவுளே" என்றாள் அறிவிப்பாளர் டானெட் பைவாட்டர். வாசலைத் தாண்டி அவள் கால் வைக்கவில்லை.

முந்தைய இரவு, கணவர் வீடு திரும்பவில்லை என்று வெர்லின் மனைவி புகார் கொடுத்தாள். அதற்குள் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். விடிந்ததும் பனிவண்டி ஏற்பாடானது. சாவிக்காக மெரில் வந்தார். டானெட்டை யாரும் கூப்பிடவில்லை. "வெர்ல் எனக்கு அண்ணன் மாதிரி" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

10.05.

பனிவண்டி ஓட்டுநர் ஆர்வின் தலையை உள்ளே நீட்டினான். "டிடெக்டிவ், என் மூக்கு நுனி எனக்கே தெரியல. காத்து அடங்காம வண்டிய எடுக்க மாட்டேன்."

"எப்ப அடங்கும்?"

"மதியம்ங்கறாங்க. அவங்க சொன்னா சாயங்காலம்னு வெச்சுக்குங்க."

வெர்லின் மேல் ஒரு தார்ப்பாய் போர்த்தினார்கள். அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் அவரோடு அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று.

லரூ சும்மா இருக்கவில்லை. ஒலிபரப்பியைக் குளிரவைக்கும் காற்றாடியின் சட்டகம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அதில் ரப்பர் பட்டை போட்டு, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கருவி கட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு பட்டை அறுந்து தொங்கியது. எதிரே ஒரு குட்டி ஒலிபெருக்கி, மெல்லிய சத்தத்தில் பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தது. வெர்லின் சட்டைப்பையில் அதே போல இன்னொரு கருவி.

"இது என்ன?"

மெரிலின் முகம் வெளுத்தது. "நேயர் கணிப்பு மீட்டர். குறிப்பிட்ட சில குடும்பங்களுக்குத்தான் கொடுப்பாங்க. நிகழ்ச்சிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற குறியீட்ட இது கேட்டுக்கும். யார் எந்த ஸ்டேஷன் கேட்டாங்கன்னு கணக்காயிடும். அசையாம வெச்சா கணக்குல சேராது."

"அதனாலதான் காத்தாடில கட்டியிருக்கு."

"ஸ்டேஷன் ஆளுங்க இதத் தொடவே கூடாது. விதி அது. தெரிஞ்சா எங்க பேரையே பட்டியல்லேருந்து தூக்கிடுவாங்க. மாசக் கணிப்பு நேத்து ராத்திரியோட முடிஞ்சுது."

"ஒலிபெருக்கில போறது எது?"

"டானெட்டோட பழைய பாட்டு சேனல். எங்க பெரிய ஸ்டேஷனுக்குள்ளயே டிஜிட்டலா ஒளிஞ்சு போற துணை அலைவரிசை. சாதா ரேடியோல அது எடுக்காது. கீழ ஊர்ல ஒரு சின்ன ஒலிபரப்பி இருக்கு, டிரான்ஸ்லேட்டர்னு சொல்வோம். அது இங்கேருந்து பிடிச்சு, சாதா ரேடியோவுக்குத் திருப்பி அனுப்பும்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே, மெரில்" என்றாள் டானெட். "இந்த மாசமும் எண்ணிக்கை வரலைன்னா டிரான்ஸ்லேட்டர விளையாட்டுச் செய்திக்குக் கொடுத்துடுவேன்னு மிரட்டினது யாரு? அதையும் சொல்லு."

"மிரட்டல. உண்மையச் சொன்னேன். ஆபீஸ்லயே உன் சேனல ஒருத்தரும் கேக்கறதில்ல."

"பத்தொன்பது வருஷம். அதுக்கு இந்தப் பேச்சு!"

லரூ இருவரையும் அடக்கினாள். கருவிப் பலகையின் திரையில் நேற்றைய பதிவைப் புரட்டி, நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பகல் 1.05: மின்சாரம் துண்டிப்பு. ஜெனரேட்டர் இயக்கம். பெரிய ஸ்டேஷன் தொடர்கிறது. டிஜிட்டல் நிறுத்தம்.
மாலை 4.32: மின்சாரம் வந்தது. ஜெனரேட்டர் நின்றது. டிஜிட்டல் தொடக்கம்.

11.20.

"கீழ்வாசல் கேட்டுக்கு எண் பூட்டு. அந்த எண் யாருக்குத் தெரியும்?"

"வெர்ல், நான், டானெட். வேற யாருக்கும் தெரியாது."

"நேத்து பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்ல" என்றார் மெரில். "விளம்பரக்காரங்க ரெண்டு பேர் கூட இருந்தாங்க. கேட்டுப் பாருங்க."

"ரேடியோ?"

"பெரிய ஸ்டேஷன் ஓடிட்டே இருந்துச்சு. ஒரு நொடி கூட நிக்கல. இங்க கரண்ட் போனதே எனக்கு இப்பதான் தெரியும்."

"நீங்க, டானெட்?"

"சாண்டி ஊர்ல. என் பொண்ணோட நடனப் பள்ளி வாசல்ல. பனி கொட்டுச்சு, கார விட்டே இறங்கல. என் நிகழ்ச்சியத்தான் கேட்டுட்டிருந்தேன்."

"போன்லயா?"

"காரு ரேடியோல. பழைய சுபரு, அதுல சாதா ரேடியோ மட்டுந்தான்."

"என்ன போச்சு?"

"ரெண்டு பத்துக்கு ஒரு வால்ட்ஸ் பாட்டு. அதுக்கு முன்னாடி ஓகடன்லேருந்து ஒரு அம்மா, கல்யாண நாளுக்கு விருப்பப் பாட்டு கேட்டாங்க. ஸ்டூடியோ பதிவப் பாருங்க, சரியா இருக்கும்."

"சரியாத்தான் இருக்கும்" என்றாள் லரூ. "நிகழ்ச்சிய எப்ப பதிவு பண்ணீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

லரூ நோட்டை அவள் பக்கம் திருப்பினாள்.

"ஸ்டூடியோ கம்ப்யூட்டர் அந்தப் பாட்ட ரெண்டு பத்துக்கு அனுப்பினது நிஜம். ஆனா இந்த மலைய விட்டு அது இறங்கவே இல்ல. ஜெனரேட்டர் ஓடினா பெரிய ஸ்டேஷன் மட்டுந்தான் போகும், டிஜிட்டல் நின்னுடும். டிஜிட்டல் நின்னா டிரான்ஸ்லேட்டருக்குத் திருப்பி அனுப்ப ஒண்ணுமே இல்ல. நேத்து ஒண்ணு அஞ்சுலேருந்து நாலு முப்பத்திரண்டு வரைக்கும் உங்க சேனல் ஊமை. நீங்க அந்தப் பாட்டக் கேக்கல, டானெட். அது எப்ப வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், அவ்வளவுதான்."

மெரில் வாயைத் திறந்தார். லரூ கையைக் காட்டினாள்.

"இவர் அப்படி ஒரு பொய்யச் சொல்லியிருக்க முடியாது. உங்க சேனல்ல என்ன போகுதுன்னே இவருக்குத் தெரியாது. கேட்டு எண் தெரிஞ்ச மிச்ச ஆள் நீங்கதான். இங்க வந்துட்டு, கரண்ட் போறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்க. அதான் ஒண்ணு அஞ்சு உங்களுக்குத் தெரியாம போச்சு."

டானெட் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். காற்று கூரையைப் பிய்ப்பது போல இரைந்தது. போவதற்கு வேறு இடமில்லை.

"மீட்டர் ரெண்டும் என் சித்தி வீட்டுது" என்றாள். "குளிருக்குத் தெற்க போயிட்டாங்க. நேத்து எடுத்துடலாம்னு வந்தேன். வெர்ல் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தார். கணிப்பு கம்பெனிக்குப் போன் பண்ணப் போனார். போனப் பிடுங்கிட்டு ஓடி வந்து கொண்டிய மாட்டினேன். ஒரு ராத்திரி அவர் சொல்லாம இருந்தாப் போதும். மாசம் முடியற வரைக்கும். சாயங்காலம் வந்து கால்ல விழுந்தாவது பேசிக்கலாம்னு நினைச்சேன். உள்ள வெளிச்சம் இருந்துச்சு, ஹீட்டர் இருந்துச்சு. ஜெனரேட்டர் என் ஞாபகத்துலயே இல்ல."

"வந்தீங்களா?"

"ஆறு மணிக்கு வந்தேன். பாதைய மூடிட்டாங்க. கேட்டுகிட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்."

"உள்ள அடைஞ்சு கிடக்கார்னு ஒரு போன் பண்ணியிருந்தா, ராத்திரியே பனிவண்டி ஏறியிருக்கும்."

"பண்ணியிருந்தா பொழச்சிருப்பாரா?"

புகை வேலையை நாலரை மணிக்கு முன்பே முடித்துவிட்டது. லரூவுக்கு அது தெரியும்.

"உங்களுக்கு அது தெரியாது" என்றாள். "உயிரோட இருக்கார்னு நினைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனீங்க."

டானெட் முகத்தை மூடிக்கொண்டாள். மெரில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

2.50.

காற்று தணிந்தது. ஆர்வின் வந்து, புதுப் பனியில் சரிவு பாரம் தாங்காது, ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் போகலாம் என்றான்.

"வெர்ல முதல்ல கொண்டு போங்க" என்றாள் டானெட். "மெரில் கூடப் போகட்டும். வெர்லோட பொண்டாட்டி கீழ காத்துட்டிருப்பாங்க."

லரூ தலையசைத்தாள். வண்டிச் சத்தம் சரிவில் இறங்கி மறைந்தது. திறந்த வாசல் வழியே குளிர் எலும்பைத் துளைத்தது. லரூ எழுந்து கதவைச் சாத்தப் போனாள்.

"வேண்டாம்" என்றாள் டானெட். பல் கிட்டிக்கொண்டிருந்தது. "தயவுசெஞ்சு."

லரூ கதவை அப்படியே விட்டுவிட்டு, காலரைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.