ஒரு கோப்பை மோதவில்லை!

தொலைபேசி அலறியது.

சவேலி இலியிச் எடுக்கவில்லை.

காலையிலிருந்தே அது அலறிக்கொண்டுதான் இருந்தது. மாஸ்கோவில் பணம் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அந்தச் சனிக்கிழமை அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

விற்கலாமா... ஓடலாமா?

கூலிப்படை ரோஸ்தோவ் நகரத்தைப் பிடித்துவிட்டது! உக்ரைனில் சண்டையிட அனுப்பப்பட்ட படை, அனுப்பியவர்களையே கேள்வி கேட்கத் தலைநகரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க அரசாங்கமே தன்னுடைய நெடுஞ்சாலையைப் பொக்லைன் வைத்து வெட்டிக்கொண்டிருந்தது.

பிறர் பயந்து விற்றதை வாங்கி, அவர்களுக்குத் தைரியம் வந்தபோது அவர்களுக்கே விற்றுப் பெரிய மனிதரானவர் சவேலி. இப்படி ஒரு நாள் வாய்த்தால் அவருடைய கை பரபரக்க வேண்டும்.

பரபரக்கவில்லை.

அவருடைய ஒரே மகன் கோஸ்த்யா அந்தக் கூலிப்படையில் இருந்தான்.

"சவேலி! போனை எடேன்! கோஸ்த்யாவா இருந்தா?" சமையலறையிலிருந்து மனைவி ரிம்மா ஓடி வந்தார். ஒரு கையில் கத்தி, மறு கையில் நறுக்காத வெங்காயத்தாள்.

சவேலி எடுத்தார்.

"சவேலி, நான் வதீம். உன் வீட்டு கேட் முன்னாடி நிக்கறேன். அந்த நாயைப் பிடிச்சுக் கட்டு."

"என்னடா இந்த நேரத்துல?"

"உன் பிள்ளை உயிரோட இருக்கான்!"

அது காதில் விழுந்ததும் ரிம்மாவின் கையிலிருந்த கத்தி நழுவி மேசையில் விழுந்தது.

கர்னல் வதீம் அர்துரோவிச் உளவுத்துறையில் பெரிய பொறுப்பில் இருப்பவர். சவேலியோடு ஒரே படைமுகாமில் கட்டாய ராணுவ சேவையை முடித்தவர். ஆனாலும் கோஸ்த்யா கைதானபோது அவருடைய கைபேசி மூன்று வாரம் அணைந்தே கிடந்தது.

கோஸ்த்யா செய்த குற்றம் பெரியது. போரை எதிர்த்துச் சதுக்கத்தில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த அட்டையில் ஓர் எழுத்துகூட இல்லை!

ஏழு ஆண்டு சிறை. சிறைக்கே ஆள் எடுக்க வந்தது கூலிப்படை. அரை வருடம் சண்டை போட்டால் விடுதலை என்றது. 'வேண்டாம்டா' என்று தகப்பன் கெஞ்சியும் கேளாமல் போய்விட்டான் பிள்ளை.

போனவன் ஒரே ஒரு குறைதான் சொன்னான். 'என் காலுக்கு இங்க பூட்ஸ் இல்லப்பா. சின்னதுதான் தர்றாங்க. எப்பவும் ஈரம்.'

சவேலி மறுவாரமே அந்தப் படைக்கு பூட்ஸ் தைக்கும் தொழிற்சாலையில் பாதிப் பங்கை வாங்கினார். லாபத்துக்கு இல்லை. பெரிய கால்களுக்கும் தைக்கச் சொல்வதற்கு! இப்போது ஒரு மாதத்துக்கும் மேலாகப் பிள்ளையிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

கர்னல் உள்ளே வந்தார். தோளில் பாப்லர் மரத்துப் பஞ்சு ஒட்டியிருந்தது. கேளாமலேயே நாற்காலியை இழுத்து அமர்ந்தார்.

"எங்க இருக்கான்? சாப்பிட்டானா? அடிபட்டிருக்கா?" ரிம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா ரிம்மா, மெதுவா. வர்ற வழியில, வரோனேழ் நகரத்துப் பக்கத்துல வண்டியிலேருந்து குதிச்சுட்டான். எங்க ஆளுங்ககிட்ட வந்து நின்னுட்டான். பத்திரமா இருக்கான்."

"பேசணும்," என்றார் சவேலி.

"முடியாது. போன் போட்டா எல்லாரும் கேப்பாங்க. ஆனா காலையில அவன் பேசி அனுப்பினது இருக்கு. கேளு."

கர்னல் தம்முடைய கைபேசியை மேசையில் வைத்துத் தட்டினார்.

"அம்மா... நான்தான். நல்லாத்தான் இருக்கேன். அப்பாகிட்ட சொல்லு, பூட்ஸ் அளவெடுத்த மாதிரி இருக்குன்னு. இங்க பெரிய ஆபத்துன்னா பக்கத்துல படுத்திருக்கறவன் குறட்டைதான்... நீ அழாதே. அழுதா உன் மூக்கு சிவந்துரும். அப்பா பயந்துருவார்."

ரிம்மா அழுதார். மூக்கு சிவந்தது.

சவேலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கருந்திராட்சைச் செடிகள் அவர் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தன.

"என்ன வேணும் வதீம்?" என்றார், திரும்பாமலே.

"சே! நண்பன்கிட்ட இப்படியா கேப்பே?"

"நீ நண்பனா வந்திருந்தா நாயைக் கட்டச் சொல்லியிருக்க மாட்டே. சொல்லு."

கர்னல் சிரித்தார்.

"அந்த பூட்ஸ் தொழிற்சாலைப் பங்கு."

சவேலி உண்மையாகவே திகைத்தார்.

"அதையா? என்கிட்ட அதைவிட நல்லது எத்தனையோ இருக்குடா!"

"திங்கட்கிழமை பாரு. இந்தப் படை கிரெம்ளினுக்குள்ள இருக்கும். புது அரசாங்கம்! புது ராணுவம்! அத்தனை காலுக்கும் பூட்ஸ் யாரு தைப்பா? நான்!"

"நீ அரசாங்க ஆளு வதீம்."

"எந்த அரசாங்கம்னு நீ கேக்கவே இல்லையே!"

இருவருமே சிரித்துவிட்டார்கள். மகன் பிழைத்திருக்கிறான் என்ற நிம்மதியில் சவேலிக்கு எதிரில் இருந்தவர் மீது ஏதோ ஒரு பாசம்கூடச் சுரந்தது. நன்றிக்கடனாக, தம்மிடம் உள்ள விலை உயர்ந்த பொருளை அவருக்கு இலவசமாகக் கொடுத்தார்.

ஆலோசனை!

"நல்லா கேட்டுக்கோ. பங்கை நீ எடுத்துக்கோ, எனக்குக் கவலையில்ல. ஆனா இன்னைக்கு எடுக்காதே. உன் பேர்ல எடுக்கவே எடுக்காதே. இந்தக் கலகம் திங்கட்கிழமை வரைக்கும் தாங்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கலகம்னா ஜனங்க தெருவுக்கு வரணும். வந்தாங்களா? ரோஸ்தோவ்ல டாங்க் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க! வேடிக்கை பாக்கறவன் எந்த நாட்டுலயும் அரசாங்கத்தைக் கவுத்ததில்ல."

"பணக்காரங்க எல்லாம் ஓடறாங்களே? வானம் பூரா விமானம்!"

"என் பங்காளி ஒருத்தன் காலையில துருக்கிக்கு ஓடினான். பூனைக்குச் சோறு வைக்க வேலைக்காரியை ஏற்பாடு பண்ணிட்டு ஓடியிருக்கான். எத்தனை நாளைக்குத் தெரியுமா? மூணு நாளைக்கு! தோத்தவன் பூனையையும் தூக்கிக்கிட்டு ஓடுவான்டா. இவங்க பயந்தவங்க. அவ்வளவுதான்."

கர்னல் புருவத்தைச் சுருக்கினார்.

"அப்ப... இது நிக்காதுங்கறியா?"

"இங்க எல்லாருக்கும் கோபம் இருக்கு. ஆனா கோபத்தை எடுத்துக்கிட்டு வெளியே போறதுக்குத்தான் ஆளில்லை. போன ஒருத்தனும் எழுதாத அட்டையோட போனான்." சவேலி நாற்காலியைக் கர்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேரம் பேசி முடிச்சுடுவாங்க வதீம். அப்புறம் கூட நின்னவன் யாரு, சோறு போட்டவன் யாருன்னு தேடுவாங்க. நீ மாட்டிக்காதே. ஒரு மாசம் போகட்டும். நானே சத்தமில்லாம உன் மாமியார் பேர்ல மாத்தித் தர்றேன்."

கர்னல் மெல்லத் தலையசைத்தார்.

"சரி. நீ சொன்னா சரிதான்."

"போதும் உங்க வியாபாரம்!" ரிம்மா தட்டோடு வந்தார். வீட்டில் ஊறவைத்த செர்ரி மது, மூன்று சிறு கோப்பைகள், உப்பிட்ட வெள்ளரி. அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியைச் சவேலி ஓராண்டுக்கும் மேலாகப் பார்த்ததில்லை. "எழுந்திரிங்க ரெண்டு பேரும்! என் பிள்ளைக்கு! கோஸ்த்யாவுக்கு!"

மூவரும் எழுந்தார்கள்.

ரிம்மாவின் கோப்பை நீண்டது. சவேலியின் கோப்பை அதில் மோதியது.

டிங்!

கர்னலின் கோப்பை பாதி தூரம் வந்தது...

நின்றது.

தானாகவே மார்புப் பக்கம் திரும்பியது. கர்னல் தலையைச் சற்றே தாழ்த்தி, ஒரே மூச்சில் குடித்துக் கீழே வைத்தார்.

ரிம்மாவின் கோப்பை அந்தரத்திலேயே காத்திருந்தது. "அவசரக்குடுக்கை!" என்று சிரித்தபடி அவரும் குடித்தார்.

சவேலி குடிக்கவில்லை.

உயிரோடு இருப்பவர்களுக்காகக் குடிக்கும்போதுதான் கோப்பைகள் மோதிக்கொள்ளும். இறந்தவர்களுக்காகக் குடிக்கும்போது சத்தம் வரலாகாது. யாரும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. எத்தனையோ சவப்பெட்டிகளுக்குப் பிறகு அது கைக்கே பழகிவிடும்.

வதீமின் கை எத்தனையோ சவப்பெட்டிகளைப் பார்த்த கை!

இருக்காது... இருக்கவே இருக்காது. மனிதர் களைத்திருக்கிறார். மறந்திருப்பார்.

சவேலி பாட்டிலை எடுத்தார். கர்னலின் கோப்பையை மறுபடி நிரப்பினார்.

"இன்னொண்ணு வதீம். உன் மக போலினாவுக்கு. நல்லா இருக்கணும்."

"போலினாவுக்கு!"

டிங்!

பளீரென்று, சந்தோஷமாக, சந்தேகத்துக்கு இடமின்றி மோதியது கர்னலின் கோப்பை.

சவேலிக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் அணைந்தது.

"எப்ப வருவான்?" ரிம்மா கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம்," என்றார் கர்னல், வெள்ளரியைக் கடித்தபடி.

"நீராவிக் குளியல் அறையைச் சூடு பண்ணி வைக்கணும். அவன் நீலச் சட்டையைத் தேய்க்கணும். பெட்டியிலேயே கிடந்து மடிப்பு விழுந்திருக்கும்..." சொல்லிக்கொண்டே அவர் மாடிப்படி ஏறினார். ஏறும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.

சவேலி அந்தப் பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு எதிரில் இருந்தவரைப் பார்த்தார்.

மேசை மேல் அந்தக் கத்தி இன்னும் கிடந்தது.

அவர் அதை எடுக்கவில்லை. அவருக்கு அந்தத் தொழில் தெரியாது. தமக்குத் தெரிந்த தொழிலையே எடுத்தார்.

"வதீம்... நான் யோசிச்சுப் பாத்தேன். நான் சொன்னது தப்பு."

"எது?"

"எல்லாமே. வயசாயிடுச்சுடா எனக்கு. எப்பவும் பழைய கணக்கையே போடறேன். இந்தத் தடவை நிஜமாவே கவுந்துடும்."

கர்னல் நிமிர்ந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே!"

"கவுந்தா, புதுசா வர்றவங்க என்ன பாப்பாங்க? ஜெயிச்ச பிறகு ஓடி வந்தவன் யாரு, முதல் நாளே கூட நின்னவன் யாருன்னு பாப்பாங்க. அப்ப மாமியார் பேரு எதுக்கு உதவும்? உன் பேரு இருக்கணும். கர்னல்ங்கற பட்டத்தோட இருக்கணும். இன்னைக்குத் தேதியில இருக்கணும்."

கர்னலின் கண்கள் பளபளத்தன.

"இன்னைக்கு முடியுமா? சனிக்கிழமையாச்சே?"

"என் வங்கி எனக்கு எப்பவும் திறந்திருக்கும்."

சவேலி எண்களை அழுத்தினார். மேலாளர் எல்வீரா உடனே எடுத்தார்.

"சவேலி இலியிச்! நல்லவேளை கூப்பிட்டீங்க! விற்கணுமா?"

"கொடுக்கணும்மா. பூட்ஸ் தொழிற்சாலைப் பங்கு முழுக்க, கர்னல் வதீம் அர்துரோவிச் பேருக்கு."

எல்வீராவின் மூச்சு நின்று வந்தது. "ஐயா... இன்னைக்கா? அது அந்தப் படையோட... அவருக்கு இது தெரிஞ்சுதான்..."

"பக்கத்துலதான் இருக்கார். அவரே சொல்லுவார்."

கர்னல் கைபேசியை ஏறக்குறையப் பிடுங்கினார். "தெரிஞ்சுதான்மா வாங்கறேன்! முழுச் சம்மதம்! சீக்கிரம் பதிவு பண்ணுங்க!"

வங்கியின் உரையாடல்கள் அனைத்தும் பதிவு செய்யப்படும் என்பதை அவர் மறந்திருந்தார். உளவுத்துறைக்காரர்கள் பிறருடைய பேச்சைத்தானே பதிவு செய்து பழகியவர்கள்!

போகும்போது கர்னல் சவேலியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

சவேலி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் ரிம்மா ஏன் என்று கேட்பார்.

மாலையாகியும் வெயில் சாயவில்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண் புன்னகையுடன் சொன்னார்... பேச்சுவார்த்தை முடிந்தது. படை திரும்பிச் செல்கிறது.

ஜனங்கள் வேடிக்கை பார்த்து முடித்துவிட்டார்கள்.

கணிப்பு பலித்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, கணிப்பு பலித்ததற்காகச் சவேலி அழுதார். அது பொய்த்திருந்தால், ஏதோ ஒன்றாவது மாறியிருந்தால், பிள்ளை எதற்காகவோ போனான் என்றாவது இருந்திருக்கும்.

தொலைபேசி அலறியது.

"சவேலி! ரத்து பண்ணு! இப்பவே ரத்து பண்ணு!"

"எதை வதீம்?"

"விளையாடாதே! எல்லாம் முடிஞ்சு போச்சு! அவங்களுக்கு உதவினவங்களைத் தேடறாங்க. என் ஆபீஸ்லயே தேடறாங்கடா! முதல் பேரே என் பேரு! தேசத்துரோகம்னா இருபது வருஷம் ஜெயில்டா!"

"கோஸ்த்யாவை அனுப்பி வை. ரத்து பண்ணிடலாம்."

"அவன்... அவன் வந்து..."

"எப்போ?" என்றார் சவேலி.

"சவேலி... நான் கொல்லலைடா..."

"எப்போன்னு கேட்டேன்."

"மே மாசம். உக்ரைன்ல, பாக்முத் சண்டையில. அந்தப் பேச்சு அவன் போன்லயே நின்னுருந்தது. சிக்னல் கிடைக்கல போல, அனுப்ப முடியல." கர்னல் விம்மினார். "உனக்கு... உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ நல்ல சிப்பாய் வதீம். வாய் எவ்வளவு வேணா பொய் சொல்லுது. கைக்குத்தான் வரமாட்டேங்குது."

பின்னால் கருகல் வாசனை வந்தது.

சவேலி திரும்பினார்.

ரிம்மா மாடிப்படியின் கீழே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மேலே இஸ்திரிப்பெட்டியின் அடியில் நீலச் சட்டை கருகிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவர் போகவில்லை.

அழவும் இல்லை. மெல்ல நடந்து வந்து, கணவருடைய தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"உன்னையும் பிடிப்பாங்கடா!" கர்னல் கத்தினார். "நீயும்தான் அந்தப் பங்கை வச்சிருந்தே!"

"வரட்டும். பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன்னு சொல்லிக்கறேன்."

தடார்! தடார்!

மறுமுனையில் யாரோ கதவை இடித்தார்கள்.

"வந்துட்டாங்க! சவேலி... ஐயோ, ஏதாவது யோசனை சொல்லு! நீ பெரிய முதலீட்டுக்காரனாச்சே! நான் இப்ப என்ன பண்ணட்டும்?"

சவேலியின் ஒரு கை மனைவியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகவே சொன்னார்.

"பதறாதே வதீம். இதெல்லாம் நீண்டகால முதலீடு... இருபது வருஷத்துக்கு நடுவுல எடுக்க முடியாது!"