யானை எப்போது எழுந்தது?

அன்றைய மிருகக் கார்டு ஆட்டப் போட்டி முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது புஷ்பவல்லி அந்தக் கார்டு கடைக்குள் நுழைந்தாள். காரிலேயே அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"சுவாமிநாதன் அங்கிள் நீங்கதானே? நான் நஞ்சப்பன் வைஃப். இந்த கேம்ல என்ன டவுட் வந்தாலும் உங்க தீர்ப்புதான் ஃபைனல்னு அவர் சொல்வாரு."

சுவாமிநாதன் எழுந்து நின்றார். நஞ்சப்பன் மாரடைப்பில் இறந்த செய்தி ஃபிரிஸ்கோ ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

"அன்னிக்கு நான் கோயில்ல இருந்தேன். கிளம்பறப்ப அவரே போன் பண்ணினாரு. 'மெதுவா வா புஷ்பா, இங்க ஒருத்தர் வரணும்'னாரு. சரின்னு இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன். வந்து பாத்தா டேபிள்மேல சாஞ்சிருக்காரு. ரெண்டு பக்கமும் கார்டு. எதிர்ல ஆடினவர் யாரு அங்கிள்? 911-க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ்கூடக் கூப்பிடாம எப்படி எந்திரிச்சுப் போக முடிஞ்சுது? என் பொண்ணு மாடியிலயே இருந்தேன், யாரையும் பாக்கலைங்கறா. நான் அந்த டேபிளைத் தொடவே இல்லை."

பெரியவர் பதில் சொல்லும் முன்பே அவருடைய உதவியாளன் கதிர் கார் சாவியை எடுத்துவிட்டான். பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்ற நேரமெல்லாம் சுவாமிநாதனின் நிழல். "நான் டிரைவ் பண்றேன் சார்!"

புஷ்பவல்லியின் வீட்டில், நஞ்சப்பன் ஆடிய மேசையைச் சுற்றி சுவாமிநாதன் மெல்ல ஒரு முறை நடந்தார். எதையும் தொடவில்லை.

"ஒண்ணொண்ணா சொல்றேன், கேட்டுக்கோம்மா. செத்த மிருகங்களை ஒண்ணுமேல ஒண்ணா இப்படி அடுக்கி வைப்போம். வரிசையை மாத்தக் கூடாது. அதனால கடைசியா செத்ததுதான் மேல இருக்கும். எதிராளியோட அடுக்குல மேல என்ன இருக்கு?"

"மான். அதுக்குக் கீழ ஆந்தை" என்றான் கதிர்.

"ஆந்தைக்கு ஒரு சக்தி உண்டு. அது சாகும்போது, அதோட சொந்தக்காரர் ஏற்கெனவே செத்த ஒரு மிருகத்தை எழுப்பிக்கலாம். 'எழுப்பிக்கலாம்'தான், கட்டாயம் இல்லை. ஆனா அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லணும். அடுத்த தாக்குதல் ஆரம்பிச்சுட்டா அந்த உரிமை போச்சு."

அவர் எதிராளியின் பக்கம் நின்றிருந்த யானைக் கார்டைக் காட்டினார். "இது காவல் மிருகம். யானை நிக்கிற வரைக்கும் வேற எதையும் அடிக்க முடியாது. இந்தப் பக்கம் நஞ்சப்பனோட புலி குறுக்கால திருப்பியிருக்கு. அப்படின்னா அது தாக்கிடுச்சு. செத்தது யாரு?"

"மான்" என்றாள் புஷ்பவல்லி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "யானை இருந்திருந்தா மானை எப்படி அடிக்க முடியும்?"

"முடியாது. நடுவுல புதுசா எதையும் இறக்கவும் முடியாது. அப்ப புலி பாஞ்சப்ப யானை செத்துத்தான் கிடந்தது. அப்புறம்தான் எழுந்திருக்கு. இந்த ஆட்டத்துல செத்ததை எழுப்ப ஆந்தையைத் தவிர வேற வழி கிடையாது. ஆந்தையோட நேரமோ முடிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுடுச்சு சார்!" கதிர் துள்ளினான். "வந்தவருக்கு ரூலே தெரியாது. லேட்டா கேட்டிருக்காரு. கெஸ்ட் ஆச்சேன்னு நஞ்சப்பன் சாரும் விட்டுட்டாரு. யாரோ புது ஆளு!"

புஷ்பவல்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெரியாத ஒருவர் அங்கே உட்கார்ந்து தன் கணவன் சாவதைப் பார்த்துவிட்டு எழுந்து போவது அவள் கண்முன் வந்தது.

"அவசரப்படாதேப்பா. எதிர் நாற்காலியில உக்காந்து பாரு."

கதிர் உட்கார்ந்தான். கார்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். "சார், இந்தப் பக்கத்துக் கார்டெல்லாம் எனக்கு நேரா இருக்கு. யானை மட்டும் தலைகீழா இருக்கு."

"எல்லாரும் தனக்கு நேராத்தான் கார்டு வைப்பாங்க. யானையை வச்ச கை அந்த நாற்காலியோடது இல்லை. நஞ்சப்பனோட கை."

"தனக்கு எதிரா அவரே எழுப்பினாரா? ஏன்?" என்றான் கதிர்.

சுவாமிநாதன் மாடிப்படியைப் பார்த்தார். கடைசிப் படியில் புஷ்பவல்லியின் மகள் வெண்பா நின்றிருந்தாள். பதினொன்றாம் வகுப்புப் பெண். எப்போது இறங்கி வந்தாளோ தெரியவில்லை.

"ஆந்தையை மறக்கிற ஆளு எனக்கு ஒருத்தர்தாம்மா தெரியும்" என்றார் அவர், மிகவும் மெதுவாக. "போட்டிக்குப் போட்டி உனக்கு நான் சொல்லியிருக்கேன், இல்லையா?"

வெண்பா தலையை ஆட்டினாள். "ஐ ஃபர்காட் அகெய்ன், அங்கிள். அப்பா எப்பவும் எனக்காக வெயிட் பண்ணுவாரு. அன்னிக்கு மட்டும் பண்ணலை. புலியைத் திருப்பிட்டாரு. நான் 'ஆந்தை!'ன்னு கத்தினேன். 'டைம் முடிஞ்சுபோச்சும்மா. டோர்னமென்ட்ல யாரும் உனக்காக நிக்க மாட்டாங்க'ன்னாரு." அவள் மூச்சை இழுத்தாள். "ஐ ஹேட் பிளேயிங் வித் யூன்னு சொல்லிட்டு மேல போயிட்டேன். ஹெட்போன் போட்டுக்கிட்டேன். அம்மா கத்தினது மட்டும்தான் கேட்டுது. என்னாலதான் அப்பாக்கு அப்படி ஆச்சுன்னு பயந்து, மேலயே இருந்தேன்னு சொன்னேன்."

 பெரியவர்தான் மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீ மேல போனதுக்கப்புறம் அவர் யானையை எழுப்பி உன் பக்கம் நிறுத்தியிருக்காரு. முடிஞ்சுபோன நேரத்தை உனக்குத் திருப்பிக் கொடுத்திருக்காரு. ரூல்படி தப்பு. ஜட்ஜா இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம்தான் உங்கம்மாவுக்கு போன். அம்மா வந்தா உன்னைத் திட்டுவாங்க, அதுக்குள்ள சமாதானம் ஆயிடணும்னு நினைச்சிருப்பாரு. வரணும்னு அவர் சொன்ன ஆளு நீதாம்மா. வெளியிலேருந்து யாரும் வரலை."

அத்தனை நாளும் யாரென்று தெரியாத ஒருவர் மேல் புஷ்பவல்லி வளர்த்து வைத்திருந்த கோபத்துக்கு இப்போது ஆளில்லாமல் போனது. ஒருவர் இருந்திருந்தால் தேவலை என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. திட்டுவதற்காவது.

"அப்பா என்னைக் கூப்பிட்டாரா அங்கிள்?"

"அது கார்டுல தெரியாதும்மா."

"நான் கீழ வந்திருந்தா?"

எந்தச் சந்தேகம் கேட்டாலும் விதியைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிற சுவாமிநாதன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு புஷ்பவல்லியைப் பார்த்தார்.

புஷ்பவல்லி நாற்காலியை விட்டுவிட்டுப் போய் மகள் நின்ற படியிலேயே உட்கார்ந்தாள். கையைப் பிடித்து அவளையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அவர் மெதுவா வான்னாரு. நானும் மெதுவாத்தான் வந்தேன் கண்ணு. பார்க்கிங் லாட்ல நின்னு அபயாம்பாள் ஆன்ட்டிகிட்ட வத்தக்குழம்புப் பொடி பத்திப் பேசிட்டிருந்தேன். நான் நேரா வந்திருந்தா?"

வெண்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.  மகள் அம்மாவின் தோளில் முகம் புதைத்து, அப்பா இறந்த பிறகு முதல் முறையாக, வாய்விட்டு அழுதாள்.

கதிர் ஏதோ கேட்க வாயெடுத்தான். சுவாமிநாதன் அவன் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்கள்.