பஜ்ஜியும் பச்சை வளையும்

மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் அமர்ந்ததும், வழக்கப்படி முதலில் வலக்கையை நீட்டிக் காட்டினார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் பக்குவ வளை பச்சையாக ஒளிர்ந்தது. நாடியையும் வியர்வையையும் அளக்கும் வளை அது. மனம் அமைதியாக இருந்தால் பச்சை, பதறினால் சிவப்பு. பச்சை நிற்காதவர்களுக்கு வேலை கிடையாது, வாடகைக்கு வீடும் கிடையாது.

தமயந்தியின் வளை மஞ்சளில் தத்தளித்தது. இந்த வரனும் தட்டிப்போனால் அவளுக்கு ஆறு மாதம் பக்குவ முகாம்.

"மூச்சை இழுத்து விடுடி," அம்மா காதோடு சொன்னாள். "இவங்க போறவரைக்கும் பச்சையா இரு, போதும்."

மாப்பிள்ளை சுகந்தன் புன்னகைத்தான். "அவங்க பதற்றத்தை நான் மதிக்கிறேன்."

முகாமில் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம். ஊரே இப்படித்தான் பேசியது. ஆறிய பாலில் படிந்த ஆடைபோல் அது அவள் நாக்கில் ஒட்டியது.

அப்போதுதான் சுகந்தனின் அப்பாவுக்கு வாழைக்காய் பஜ்ஜி தொண்டையில் அடைத்தது. சத்தமே வரவில்லை. முகம் நீலம் பாரித்தது, வளை சிவந்தது. அவர் தொண்டையைப் பிடிக்கவில்லை. தோள் துண்டை இழுத்து அவசரமாக வளையை மூடினார். அடுத்தவர் சிவப்பைப் பார்ப்பது அநாகரிகம். ஆகவே எல்லோரும் தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"அப்பா, உங்க சிரமம் எனக்குப் புரியுது," என்றான் சுகந்தன், விசிறியைப் பார்த்தபடியே. "அவசரமே இல்ல, மெதுவா."

"ஐயோ, செத்துருவாருய்யா!"

தமயந்தி பாய்ந்தாள். அவரை முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். எச்சில் நூலோடு பஜ்ஜித் துண்டு அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

பெரியவர் மூச்சு வாங்கினார். வாயைத் துடைத்தார். வளை பச்சையாகும்வரை காத்திருந்து, பிறகுதான் அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா கத்துது, கை நீட்டுது. பக்குவம் பத்தலையேம்மா."

தமயந்தியின் வளை ரத்தமாய்ச் சிவந்திருந்தது. மறுபடியும் எல்லோரும் விசிறியைப் பார்த்தார்கள். அம்மாவும்தான்.

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். வழவழப்பு போகவில்லை.

பெரியவர் இன்னொரு பஜ்ஜியை எடுத்து, சரியாக மெல்லாமலே விழுங்கினார். கண்கள் பிதுங்கின. கை துண்டைத் தேடியது.

எழப்போனவள் அப்படியே உட்கார்ந்தாள். மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விட்டாள். தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மணிக்கட்டில் முதன்முறையாகப் பச்சை மலர்ந்தது.

"பாத்தீங்களா அத்தை," சுகந்தன் பூரித்துப்போனான், "அவங்களுக்கும் பக்குவம் வந்துருச்சு."